பாலத்தடியில் இறங்குகிற ஆள்

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுவதுதான் முறை. நடந்தது எல்லாவற்றுக்கும் அதன் இன்ஜின்தான் காரணம் என்று அந்த வீட்டில் எல்லோரும் இன்றைக்கும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

சந்தையில் கிடைக்கிற கார்களிலேயே சின்னது அது. கதவைச் சாத்தினால் பிஸ்கட் டப்பாவை மூடுகிற சத்தம் வரும். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். முன்னால் ஒரே ஒரு வைப்பர். மழை நாளில் அது ஒண்டியாகக் கிடந்து அல்லாடும். டிக்கி என்று ஒன்று உண்டு. அதில் ஸ்டெப்னி போக ஒரு குடை வைக்கலாம், மடக்குக் குடையாக இருந்தால். அடிமட்ட மாடலுக்கு மேலே ஒரே ஒரு படி ஏறி அந்த வீட்டுக்காரன் எடுத்திருந்தான். அந்த ஒரு படியில் கிடைத்தது ஏசி. விளம்பரத்தில் அப்பா, அம்மா, பையன், பெண் என்று நாலு பேர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அந்த வண்டியில் போவார்கள். ஐந்தாவதாக ஒரு அத்தையை ஏற்றிப் படம் எடுக்கக் கம்பெனிக்காரனுக்குத் தோன்றவில்லை.

இந்த வீட்டில் அத்தை இருந்தாள்.

வண்டியை எடுத்தவன் அவளுடைய தம்பி, அவன் பிள்ளைகளுக்கு அத்தை. அவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அத்தை ஆகிவிட்டாள். நாற்பத்தைந்தைத் தாண்டியும் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. கார்களுக்கு சீட் கவர் தைக்கிற பட்டறையில் வேலை. காலையில் சமையலை முடித்துவிட்டுப் பட்டறைக்குப் போவாள். சாயங்காலம் பட்டறையை முடித்துவிட்டுச் சமையலுக்கு வருவாள். தம்பியின் வண்டிக்கும் அவள்தான் கவர் தைத்துப் போட்டாள். சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்பு மடிப்பு. தம்பி பெண்டாட்டி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு அண்ணி. சிவப்பு மட்டும் கொஞ்சம் டாக்சி மாதிரி" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த அளவுக்கு வந்ததே பெரிய விஷயம்.

அவர்கள் வீட்டிலிருந்து எங்கே போவதென்றாலும் ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். வண்டி வந்த புதிதில் தம்பி, அவன் பெண்டாட்டி, பெரியவளான பெண், சின்னவனான பையன், அத்தை என்று ஐந்து பேரும் ஏறிக்கொண்டு, ஏசியையும் போட்டுக்கொண்டு, பாலத்தில் ஏறினார்கள். பாதி ஏறியதும் வண்டி மூச்சு வாங்கியது. தம்பி கியரைக் குறைத்தான். வண்டி இருமியது, நின்றது, பிறகு மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. பின்னால் தண்ணீர் லாரி. லாரி டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, "யோவ், ஊரையே மடிச்சு உள்ளே வெச்சிருக்கியா?" என்று கேட்டான். சின்னவன் சிரித்தான். அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளினாள்.

மறுநாள் மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து, கிளட்ச் கருகின வாசனையை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "வண்டி மேல குத்தமில்லண்ணே. இதோட சக்தி அவ்வளவுதான். பாலம் ஏறும்போது மட்டும் ஏசியை அணைச்சிடுங்க. இல்லன்னா ஒரு ஆளைக் குறைச்சிடுங்க. ரெண்டுல ஒண்ணு."

"ஏசியை அணைக்கிறதுக்கு எதுக்கு ஏசி வண்டி?" என்றாள் தம்பி பெண்டாட்டி. "அதுக்கு பஸ்லயே புழுங்கிக்கிட்டுப் போயிருக்கலாமே."

ஆக, ஒரு ஆள் குறைய வேண்டும் என்று முடிவாயிற்று. தம்பி இறங்க முடியாது, அவன் ஓட்டுகிறவன். தம்பி பெண்டாட்டிக்கு முழங்கால் வலி. சின்னவன் இறங்கினால் இறங்கினதே வண்டிக்குத் தெரியாது. பெரியவள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புகளில் படிக்கிறவள், உடம்பு கொஞ்சம் பூசினாற்போல. படியேறி வந்து அவள் இரைக்க இரைக்க நின்றால் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான் என்று அவள் அம்மாவுக்கு மானம் போகும். எடை பார்த்து இறக்குவதென்றால் வரிசையே வேறு. பெரியவர்கள் மூன்று பேரில் அத்தைதான் இளைத்தவள். ஆனால் எடையை யார் பார்த்தார்கள்?

அடுத்த தடவை பாலத்தடியில் தம்பி வண்டியை ஓரம் கட்டினான். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

"நான் நடந்து வரேன்டா. உட்கார்ந்து உட்கார்ந்து காலே மரத்துப்போச்சு" என்று அத்தையே சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. பாலத்தின் பக்கவாட்டில் நடக்கிறவர்களுக்கு ஒரு படிக்கட்டு உண்டு. மூத்திர நாற்றம், காக்கை எச்சம், கையை வைக்க முடியாதபடி கொதிக்கிற இரும்புக் கைப்பிடி. அதில் ஏறி, மேலே வெயிலில் நடந்து, அந்தப் பக்கம் இறங்குவாள். மரத்தடியில் வண்டி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உறுமிக்கொண்டிருக்கும். "அத்தை வந்தாச்சு! சட்டுனு ஏறுங்க, குளிரெல்லாம் போயிடும்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஏறி உட்கார்ந்து அவள் வியர்வையைத் துடைக்கும்போது தம்பி பெண்டாட்டி முன்சீட்டில் ஜன்னல் பக்கம் ஒட்டிக்கொள்வாள்.

தம்பிக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு நாள் தனியாகப் போகிறபோது முன்சீட்டிலும் பின்சீட்டிலும் சிமெண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஏசியை அணைத்துவிட்டுப் பாலம் ஏறிப் பார்த்தான். வண்டி முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிட்டது. சிமெண்டு மூட்டை ஏறியதை அவன் வீட்டில் சொல்லவில்லை. சொல்லி யாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது?

பட்டறைக்கு வாரா வாரம் ஃபோம் ஷீட் கொண்டு வந்து போடுகிறவர் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர். தலையில் முடி போய்விட்டது, பேச்சு மட்டும் அடர்த்தி. அவர் வரும்போது அத்தை தையல் மிஷினை நிறுத்திவிட்டு நாலு வார்த்தை பேசுவாள். ஒரு நாள் பேச்சோடு பேச்சாகப் பாலத்துக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"என்னது! இறக்கி விடறாங்களா? மனுஷங்களா அவங்க?" கையிலிருந்த ஃபோம் கட்டைத் தொப்பென்று கீழே போட்டார். "நான் மட்டும் அந்த வண்டியில இருந்திருந்தா உன்னை இறங்க விட்டிருப்பேனா?"

அன்றைக்கு அத்தைக்குத் தையல் கோணிக்கொண்டே போயிற்று. தைத்ததைப் பிரித்தாள், மறுபடி தைத்தாள், மறுபடி பிரித்தாள். அடுத்த வாரம் வந்தபோது என்னைக் கட்டிக்கிறியா என்று அவர் கேட்டார். அவர் முகத்துக்காகவோ வீட்டுக்காகவோ அவள் சம்மதிக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சம்மதித்தாள். இறங்கு என்று யாரும் சொல்லாத ஒரு இடம் அவளுக்கு வேண்டியிருந்தது. வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது தம்பி, "அக்கா இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டான். தம்பி பெண்டாட்டி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கரண்டியை அவள் பிடித்து வெகுநாளாகியிருந்தது.

"இந்த வயசுல எதுக்கு அண்ணி இதெல்லாம்? இங்கே பண்ற சமையலை அங்கே போய்ப் பண்ணப் போறீங்க. அடுப்பு மாறும். அவ்வளவுதானே?"

"அடுப்பாவது மாறட்டும்" என்றாள் அத்தை.

பதிவு அலுவலகம் பாலத்துக்கு அந்தப் பக்கம். சாட்சிக் கையெழுத்துப் போடத் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் வந்தார்கள். சின்னவனுக்குப் பரீட்சை, அவன் பள்ளிக்கூடம் போய்விட்டான். பெரியவள் லீவு போட்டுவிட்டு வந்தாள். சின்னவன் இடத்துக்கு ஃபோம்காரரை அவர் தெருமுனையில் ஏற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளையாயிற்றே என்று முன்சீட்டைக் கொடுத்தார்கள். முன்சீட்டை விட்டுப் பின்னால் வந்த தம்பி பெண்டாட்டி, "மூணு பேர் உட்கார்ந்தா சோடா பாட்டில் பெட்டி மாதிரி இருக்கு. ஏய் பூசணி, கொஞ்சம் ஒடுங்கி உட்காரேன்" என்று மகளை இடித்தாள். பெண் தோள்களைச் சுருக்கிக்கொண்டாள். அத்தை நீல நிறத்தில் புது உடுப்பு உடுத்தி, கசங்காமல் இருக்க முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஃபோம்காரருக்கு வண்டி பிடித்துப்போயிற்று. டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்தார். "லிட்டருக்கு என்ன கொடுக்குது?" என்று கேட்டார். "சின்ன வண்டின்னாலும் குளிர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, ஏசி வாயைத் தன் கழுத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "சீட்டும் மெத்து மெத்துன்னு இருக்கே!"

"ஃபோம் உங்களுது. தையல் அக்காவுது" என்றான் தம்பி.

"அப்போ ரெண்டு பேரும் ஏற்கெனவே ஒண்ணு சேர்ந்தாச்சு!" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாலம் வந்துவிட்டது.

வண்டி வேகம் குறைந்து ஓரம் கட்டி நின்றது.

அத்தை அசையவில்லை. முன்சீட்டில் தெரிந்த வழுக்கைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ திரும்புவார், இதோ சொல்வார் என்று பார்த்தாள். 'ஏசியை அணைப்பா' என்று சொன்னால் போதும். 'வா, நானும் கூட நடக்கிறேன்' என்று சொன்னால் அதைவிடப் போதும்.

"ஏன் நின்னுடுச்சு?" என்றார் அவர்.

"பாலம்..." என்றான் தம்பி.

"ஓ!" என்றார் அவர். குனிந்து கண்ணாடி வழியாகப் பாலத்தைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"அண்ணி..." என்று தம்பி பெண்டாட்டி இழுத்தாள்.

வழுக்கைத் தலை திரும்பியது. "சரி, இன்னிக்கு ஒரு நாள்தானே? உனக்குப் பழக்கம்தானே" என்றார் ஃபோம்காரர், பரிவாகவே. "அவசரப்படாம நிதானமா வா. நேரம் நிறைய இருக்கு."

அத்தை இறங்கினாள். டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. அவள் படிக்கட்டைத் தொடுவதற்குள் வண்டி அவளைத் தாண்டிச் சிரமமில்லாமல் ஏறிப் போயிற்று. பின் கண்ணாடியில் மூன்று தலைகளுக்குப் பதில் இரண்டு தெரிந்தன. நடுவில் தாராளமாக இடம் இருந்தது.

புது உடுப்பின் நீலச் சாயம் வியர்வையில் அக்குளில் இறங்கிற்று. பாலத்தின் உச்சியில் அவள் நின்றாள். கீழே ரயில் ஒன்று போயிற்று. விழுந்துவிடலாமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஒரே ஒரு கணக்கைத்தான் போட்டுப் பார்த்தாள். இனி அந்த வீட்டிலும் இப்படித்தான். ஏதாவது ஒரு பாலம் வரும், அவர் பரிவாகச் சொல்வார். தம்பி வீட்டிலாவது பரிவு என்கிற தொந்தரவு இல்லை.

மரத்தடியில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அத்தை பின்கதவுக்குப் போகவில்லை. முன்பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். ஃபோம்காரர் கையால் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினார்.

"இறங்குங்க" என்றாள்.

"அலுவலகம் இன்னும் தூரமாச்சே?"

"அங்கே போகலை. நீங்க இறங்குங்க. உங்களுக்குப் பழக்கமில்லைதான், ஆனா இன்னிக்கு ஒரு நாள்தானே."

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. "பாலத்துக்காகவா? இதுக்காகவா?" என்றார். "வண்டி இழுக்கலைன்னா நான் என்ன பண்ண முடியும்? மாப்பிள்ளை இறங்கித் தள்ளிக்கிட்டு வரணுமா?"

"ஏசியை அணைக்கச் சொல்லியிருக்கலாம்."

"இந்த வெயில்லயா?" என்று அவர் கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. முகம் சிவந்து இறங்கினார். "நல்லாயிரு. இந்த வயசுல உன்னைத் தேடி வேற எவன் வருவான்னு பார்க்கிறேன். அந்த மிஷினைக் கட்டிக்கிட்டே அழு" என்று சொல்லிவிட்டு, கதவை உடைந்துவிடுகிற மாதிரி சாத்திவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

தம்பி பெண்டாட்டிக்கு முழங்கால் வலி எங்கே போயிற்றோ, ஒரே தாவலில் முன்சீட்டுக்கு வந்துவிட்டாள். "நான் அப்பவே நினைச்சேன். ஆளு மூஞ்சியே சரியில்ல" என்றாள். "அண்ணி, இந்தாங்க, தண்ணி குடிங்க. போனது போகட்டும். நமக்கு நம்ம வீடு இருக்கு. வண்டியைத் திருப்புங்க." குரலில் தேன் சொட்டிற்று. "இன்னிக்கு ஒண்ணும் பெருசா வேண்டாம் அண்ணி, சிம்பிளா ஒரு குழம்பு வெச்சாப் போதும்."

அத்தை தண்ணீரைக் குடித்தாள். வண்டி திரும்பியது. திரும்பிப் போகவும் அதே பாலம்தான்.

இப்போது வண்டியில் நாலே பேர்தான். விளம்பரத்தில் வருகிற அதே நாலு. ஆனாலும் பாலத்தடி வந்ததும் தம்பியின் கால் பழக்கத்தில் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி ஓரம் கட்டி நின்றது.

"நாலு பேர்தானே, இழுத்துடும்..." என்று தம்பி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"எதுக்கு வீண் வம்பு? கிளட்ச் புதுசு" என்றாள் அவன் பெண்டாட்டி. முகத்தைத் திருப்பாமல், முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "அண்ணி, இறங்கிக்கோங்க."

கிளட்சைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது என்று வண்டியில் இருந்த நாலு பேருக்கும் தெரியும். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் புறப்பட்டுப் போனவள், திரும்பி வந்ததை நடந்து காட்ட வேண்டும். அதுதான் விஷயம்.

அத்தை இறங்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா?" என்றான் தம்பி.

"ஒரு ஆள் இறங்கணும், அவ்வளவுதானே?" என்றாள் அத்தை. "என்னை இறக்கி வண்டிக்கு என்ன லாபம்? கனமா இருக்கிற ஆளை இறக்கு."

தம்பி பெண்டாட்டியின் பின்கழுத்து விறைத்தது. அவளைத்தான் சொல்லப் போகிறாள் என்று தம்பி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். அத்தைக்கும் நாக்கு நுனிவரை அதுதான் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் வீட்டில் சண்டை நடக்கும், அழுகை நடக்கும், கடைசியில் தான்தான் இறங்கவேண்டி வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை காலம் அந்த வீட்டில் இருந்தவளுக்கு எது நடக்கும், எது நடக்காது என்று தெரியாதா?

பக்கத்தில் தோள்களைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் பக்கம் தலையை ஆட்டினாள்.

"இவளை இறக்கு. பூசணி நடந்தா பூசணிக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது."

பெண் சட்டென்று திரும்பினாள். 'பூசணி' என்று அம்மா சொல்வாள், வகுப்பில் சொல்வார்கள். அத்தை சொன்னதில்லை.

"அத்தை?" என்றாள்.

அத்தை முன்னால் பார்த்தாள். இனிப் பேச வேண்டியது அவள் அம்மா. 'ஏசியை அணைங்க' என்று சொல்லலாம். 'நான் இறங்கறேன்' என்று சொல்லலாம். 'நாலு பேர்தான், பேசாம ஏத்துங்க' என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அத்தை சொல்லி வண்டி நகர்ந்ததாக ஆகும். தம்பி பெண்டாட்டி வாயைத் திறந்தாள், மூடினாள்.

"அம்மா, நான் எப்படிம்மா... ரோட்ல என் கிளாஸ் பிள்ளைங்க எல்லாம்..."

"இறங்குடி!" என்று அம்மா சீறினாள். "தின்னத் தெரியுது இல்ல? நடந்து வா. குறையட்டும்."

"அப்பா..."

தம்பி ஏதோ இண்டிகேட்டரைச் சரி பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

பெண் இறங்கினாள். கதவைச் சாத்தத் தோன்றாமல் நின்றாள். குளிர் வெளியே போகிறதே என்று அம்மா அதட்டியபோது சாத்தினாள். வண்டி கிளம்பிற்று. அத்தை திரும்பிப் பார்த்தாள். பெண் அழுதுகொண்டே, துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடியைத் தொட்டு, சூடு தாங்காமல் கையை உதறினாள். சைக்கிளில் போன இரண்டு பேர் வேகத்தைக் குறைத்து அவளைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

பாலத்தின் உச்சிக்கு வண்டி ஏறிற்று. உச்சியிலிருந்து ஊர் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று இந்த வண்டியில் உட்கார்ந்தபடி பார்ப்பது அத்தைக்கு இதுதான் முதல் தடவை. மறுபக்கம் இறங்கி நிழலில் நின்றார்கள். தம்பி பெண்டாட்டி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். அது வியர்வையாக இருக்க முடியாது. தம்பி பக்கக் கண்ணாடியில் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே இன்னும் யாரும் தென்படவில்லை.

அத்தை முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டாள். பின்சீட்டு முழுவதும் அவளுக்குத்தான் இருந்தது. காலை நீட்டினாள். இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் விரித்து, தான் தைத்த கவரின் மேல் வைத்துக்கொண்டாள். வியர்வை மெல்ல உலர்ந்து, உடம்பு சிலிர்த்தது. இந்த வண்டியில் இவ்வளவு குளிர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

"தம்பி" என்றாள்.

"சொல்லுக்கா."

"பின்னாடி சரியா வரலை. இன்னும் கொஞ்சம் கூட்டி வை."